திசையை நேரமாக வாசிக்கும் உயிர்கள்: கண்மாய்த் தண்ணீரில் ஒளிநாட்டம்

ஐப்பசி மழை ஓய்ந்து இரண்டு மூன்று வாரம் போனபின் மாடக்குளம் கண்மாய்க் கரையோரம் நடந்தால், மாட்டுக் குளம்பு பதிந்த பள்ளங்களில் தேங்கிய தண்ணீர் பச்சை பிடித்திருப்பதைப் பார்க்கலாம். அதில் ஒரு கண்ணாடி பாட்டில் மொண்டு வந்து ஜன்னலோரம் வையுங்கள். கறுப்புக் காகிதத்தால் பாட்டிலைச் சுற்றி, வெளிச்சம் விழும் பக்கத்தில் மட்டும் ஒரு விரல் அகலத்துக்கு வெட்டி விடுங்கள். ஒரு மணி நேரம் பொறுத்துக் காகிதத்தை உருவினால், நீந்தும் பாசி அதில் நிறைய இருக்கும்பட்சத்தில், வெட்டிய இடத்துக்கு நேராகப் பச்சை ஒரு பட்டையாகத் திரண்டு நிற்கும். மறுபக்கத் தண்ணீர் வெளுத்திருக்கும். பாட்டிலை அரைச்சுற்றுத் திருப்பி வைத்தால் கூட்டம் கலைந்து, மீண்டும் ஜன்னல் பக்கம் வந்து சேரும்.

இந்தச் சாதாரணக் காட்சிக்குள் ஒரு பெரிய கேள்வி இருக்கிறது. இந்த உயிர்களுக்கு மூளை இல்லை, நரம்பு இல்லை. ஒவ்வொன்றும் ஒரே ஒரு செல். நூறு செல்களை வரிசையாக நிறுத்தினால்தான் ஒரு மில்லிமீட்டர் தேறும். வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்று அறிவது ஒன்று. அது எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று அறிவது வேறு. முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் மயிரிழையைவிடக் குறைந்த தூரமே உள்ள ஓர் உடல், திசையை எப்படிக் கண்டுகொள்கிறது?

ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு ஆய்வு இதற்குத் தந்திருக்கும் விடைகளை இங்கே தொகுத்துப் பார்க்கலாம். விடைகள் பல. ஆனால் அவற்றில் பெரும்பாலானவற்றின் அடியில் ஓடுவது ஒரே உத்தி: திசையை நேரமாக மாற்றி வாசிப்பது. தமிழ்நாட்டு அறிவியலுக்கும் இந்தக் கதையில் பங்குண்டு. மதுரைக் கண்மாய்களிடம் இனிமேல் கேட்க வேண்டிய கேள்விகளும் உண்டு.

உணவும் நஞ்சும் ஒன்றே

ஒளியை நோக்கி அல்லது ஒளியை விட்டு விலகி நீந்துவதற்கு ஒளிநாட்டம் என்று பெயர். ஏன் இந்த அலைச்சல் என்றால், பாசிக்கு வெளிச்சம்தான் சோறு. அதே வெளிச்சம் அளவு மீறினால் பச்சையத்தைச் சிதைத்து, செல்லுக்குள் நச்சு ஆக்சிஜனை உண்டாக்கும். மதுரையின் நண்பகல் வெயில் ஒரு லட்சம் லக்ஸைத் தொடக்கூடியது. பெரும்பாலான பச்சைப்பாசிகளின் ஒளிச்சேர்க்கைக்கு அதில் ஒரு சிறு பங்கே போதும். சித்திரைத் தொடக்கத்திலும் ஆவணி முற்பகுதியிலும் சூரியன் மதுரைக்கு நேர் உச்சியில் நிற்கும்போது, கண்மாயின் மேல்மட்டம் பாசிக்குக் கொதிக்கும் அடுப்பு. நான்கு விரற்கடை கீழே போனால், வண்டல் கலங்கிய தண்ணீரில் இருட்டு. நடுவில் உள்ள மெல்லிய தட்டுதான் பிழைக்கும் இடம். அந்தத் தட்டும் காலை முதல் மாலை வரை ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அதைத் துரத்தத் தெரிந்த உயிர் பிழைக்கும்.

துரத்தும் வேகத்தையும் கணக்கிடலாம். கிளாமிடோமோனாஸ் என்னும் பச்சைப்பாசி விநாடிக்குச் சுமார் 100 மைக்ரான் நீந்தும், அதாவது தன் உடல் நீளத்தைப் போல் பத்து மடங்கு. மணிக்கு 36 சென்டிமீட்டர். முழங்கால் ஆழத் தண்ணீரைக் கடக்க ஒன்றரை மணி நேரம் போதும். ஒரு பகல் பொழுதுக்குள் ஏறி இறங்க இந்த வேகம் தாராளம்.

மிரண்டு திரும்பும் பாக்டீரியா

முதலில் எளிய வழி. 1883இல் ஜெர்மானிய உடலியலாளர் தியோடர் எங்கெல்மன், ஊதா நிற பாக்டீரியா நீந்தும் துளியில் ஒரு சிறு ஒளிப்பொட்டைப் பாய்ச்சினார். சற்று நேரத்தில் பாக்டீரியா அனைத்தும் அந்தப் பொட்டுக்குள் அடைந்துவிட்டன. கவனித்துப் பார்த்தபோது ஒன்றுகூட வெளிச்சத்தைத் தேடி வரவில்லை. தற்செயலாக உள்ளே நுழைந்தவை, வெளியேறும் கணத்தில் வெளிச்சம் குறைந்ததும் மிரண்டு பின்வாங்கின. நுழைய வழி உண்டு, வெளியேற வழி இல்லை. மீன் பிடிக்கும் பத்தக்கட்டை போல, ஒளியே ஒரு கூடாகிவிட்டது.

சில மைக்ரானே உள்ள பாக்டீரியா இங்கே திசையை அறியவே இல்லை. சற்று முன் இருந்த வெளிச்சத்தையும் இப்போதுள்ள வெளிச்சத்தையும் ஒப்பிடுகிறது, அவ்வளவுதான். கண்மாய் அடிச்சேற்றைக் கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் வரும் இடங்களில் இவற்றின் உறவினர்கள் வாழ்கிறார்கள்.

மதுரையிலிருந்து தெற்கே போனால் தூத்துக்குடி உப்பளங்களில் இதே உத்தியின் தேர்ந்த வடிவத்தைக் காணலாம். உப்பு விளையும் கட்டத்தில் பாத்தித் தண்ணீர் ரோஜா நிறம் கொள்வதற்கு ஹாலோபாக்டீரியம் போன்ற உப்புவிரும்பி நுண்ணுயிர்களும் ஒரு காரணம். ஆக்சிஜன் குறைந்தால் அது சூரிய ஒளியிலிருந்தே ஆற்றல் எடுக்கும். அதற்கான பாக்டீரியோரொடாப்சின் என்னும் புரதம் 1971இல் கண்டறியப்பட்டது. ஆற்றல் தரும் ஆரஞ்சு ஒளி குறைந்தால் அது திரும்பி நீந்தும். கேடு தரும் புற ஊதாவுக்கு அருகிலுள்ள ஒளி கூடினாலும் திரும்பும். இந்த இரண்டு வேலையையும் ஒரே உணர்புரதம் செய்கிறது என்பதை 1984இல் ஜான் ஸ்பூடிச்சும் ராபர்டோ போகோமோல்னியும் காட்டினார்கள். நிறம் பிரித்தறிவது கண்ணுள்ள உயிர்களின் தனிச்சொத்து என்ற எண்ணம் உப்பு நீரில் கரைந்துபோன ஆண்டு அது.

சுழன்று பார்க்கும் பச்சைப்பாசி

இனி ஜன்னலோர பாட்டிலுக்கு வருவோம். அந்தப் பச்சைத் தண்ணீரில் ஒரு சொட்டு எடுத்து மைக்ரோஸ்கோப்பின் கீழ் வைத்தால், கிளாமிடோமோனாஸ் முட்டை வடிவில் துள்ளிப் போவது தெரியும். முன்னால் இரண்டு கசையிழைகள், நீச்சல்காரர் இரு கைகளையும் விரித்து இழுப்பதுபோல் விநாடிக்கு ஐம்பது முறை அளவில் வீசுகின்றன. உடலின் பக்கவாட்டில், கிட்டத்தட்ட நடுப்பகுதியில், செம்மஞ்சள் நிறத்தில் ஒரு புள்ளி. அதுதான் கண்புள்ளி. இன்னும் நிதானமாகப் பார்த்தால் அந்தப் புள்ளி தெரிந்து, மறைந்து, மீண்டும் தெரியும். செல் திருகாணிபோலத் தன்னைத்தானே சுற்றிக்கொண்டே முன்னேறுகிறது. விநாடிக்கு ஏறத்தாழ இரண்டு சுற்று.

இந்தச் சுழற்சியில்தான் சூட்சுமம் இருக்கிறது. கண்புள்ளியின் நிறம், கரோட்டின் வகைப் பொருள் நிறைந்த கொழுப்புக் குமிழிகள் அடுக்கடுக்காக அமைந்ததால் வருவது. உணர்புரதம் அந்த அடுக்குகளுக்கு மேலே, செல்லின் வெளிச்சவ்வில் இருக்கிறது. வெளியிலிருந்து நேராக வரும் ஒளி புரதத்தில் விழுந்து, அடுக்குகளில் பட்டு எதிரொளித்து மறுபடியும் அதன்மேல் விழும். செல்லின் உள்ளே புகுந்து பின்னாலிருந்து வரும் ஒளியை அதே அடுக்குகள் தடுத்துவிடும். ஒரே பொருள் ஒரு பக்கம் கண்ணாடி, மறுபக்கம் திரை. கென்னத் ஃபாஸ்டரும் ராபர்ட் ஸ்மித்தும் 1980இல் இதை ஓர் ஒளி ஆன்டெனா என்றே விளக்கினார்கள்.

செல் வெளிச்சத்தை நோக்கி நேராகப் போனால், எத்தனை முறை சுற்றினாலும் கண்புள்ளியில் விழும் ஒளி மாறாது. சற்றுக் கோணலாகப் போனால் ஒவ்வொரு சுற்றிலும் ஒளி கூடிக் குறையும். அந்தத் துடிப்பே "தடம் மாறிவிட்டாய்" என்ற செய்தி. ஒவ்வொரு துடிப்பிலும் கால்சியம் அயனிகள் செல்லுக்குள் பாயும். இரண்டு கசையிழைகளும் அதற்கு ஒன்றுபோல் எதிர்வினை காட்டுவதில்லை. ஒன்று சற்று ஓங்க, மற்றது சற்றுத் தளர, செல் திரும்புகிறது. துடிப்பு ஓயும்வரை திருத்தம் தொடரும். பாக்டீரியா இரண்டு கணங்களை ஒப்பிட்டது. பாசி தன்னைச் சுற்றிக்கொள்வதன் மூலம் திசை வேறுபாட்டையே இரண்டு கணங்களின் வேறுபாடாக மாற்றிக்கொள்கிறது. அது நின்றுவிட்டால் திசை தெரியாது. நீந்துவதும் பார்ப்பதும் அதற்கு ஒரே செயல்.

திரை எவ்வளவு முக்கியம் என்பதை 2016இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அழகாக நிறுவினார்கள். கண்புள்ளி நிறமி இல்லாத வகைகளைச் சோதித்தபோது அவை குருடாகவில்லை. நேர் எதிர்த்திசையில் நீந்தின. உருண்டையான செல் உடல் ஒரு லென்ஸ்போல வேலை செய்து, பின்னாலிருந்து வரும் ஒளியைப் புரதத்தின்மேல் குவித்துவிடுகிறது. தடுக்கத் திரை இல்லாததால் பின்பக்கம் முன்பக்கமாகத் தோன்றுகிறது.

யூக்ளினா என்னும் இன்னொரு ஒற்றைச்செல் உயிருக்கு வேறு ஏற்பாடு. அதன் சிவந்த கண்புள்ளி நிழல் தருவதற்கு மட்டுமே. உணரும் உறுப்பு கசையிழையின் அடியில் உள்ள சிறு புடைப்பு. நீல ஒளி பட்டால் அங்கே ஒரு நொதி விழித்துச் சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற தூதுப்பொருளை உண்டாக்குவதை 2002இல் ஜப்பானியக் குழு ஒன்று கண்டறிந்தது. கோடையில் வற்றும் ஊருணிகளின்மேல் சில நாள் செந்நிற ஆடை படர்வதற்கு யூக்ளினா சாங்குவினியா என்ற இனம் ஒரு காரணம். வெயில் ஏறினால் அதன் சிவப்பு நிறமி செல்லின் மேற்பரப்புக்குப் பரவிக் குடை பிடிக்கும். வெயில் தாழ்ந்தால் உள்ளே சுருங்கி, தண்ணீர் பச்சையாகும். நீந்தி ஒதுங்குவதோடு நிறத்தாலும் தற்காத்துக்கொள்ளும் உயிர் அது.

மாலைக்கண் வந்த பாசி

கிளாமிடோமோனாஸின் உணர்புரதம் எது என்பதற்கு விடை தந்தது 1984இல் ஃபாஸ்டர் குழுவினர் செய்த ஒரு சோதனை. கரோட்டின் தயாரிக்க இயலாத ஒரு வகைப் பாசியை எடுத்துக்கொண்டார்கள். அது வெளிச்சத்தைப் பொருட்படுத்தவே இல்லை. தண்ணீரில் ரெட்டினால் என்னும் பொருளைச் சேர்த்ததும் அதற்கு ஒளிநாட்டம் திரும்பியது. ரெட்டினால் என்பது வைட்டமின் ஏ-இன் ஓர் உருவம். நம் விழித்திரையின் ரொடாப்சினுக்குள் இருப்பதும் அதுதான்.

மதுரைக்காரர்களுக்கு இந்தச் சோதனை அந்நியமாகத் தோன்றாது. முருங்கைக் கீரையும் பப்பாளியும் கிடைக்காத பிள்ளைகள் பொழுது சாய்ந்தால் தடுமாறும் மாலைக்கண், இதே பொருளின் குறைவால் வருவது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் லட்சுமி ரஹ்மத்துல்லாவும் சகாக்களும் அன்றைய திருச்சி மாவட்டத்தில் 15,419 குழந்தைகளிடம் செய்த ஆய்வு 1990இல் வெளியானது. வாரந்தோறும் சிறு அளவு வைட்டமின் ஏ பெற்ற குழந்தைகளிடையே இறப்பு பாதிக்கும் மேல் குறைந்ததை அது காட்டியது. பாசியின் பார்வையும் பிள்ளையின் பார்வையும் ஒரே மூலக்கூறில் தொங்குகின்றன என்பது உவமை அல்ல, வேதியியல்.

பாசியின் அந்த உணர்புரதத்தின் மரபணுவைப் பிரித்தறிந்த கதையில் ஓர் இந்தியப் பெயரும் உண்டு. ஜெர்மனியில் பீட்டர் ஹெகெமன், கெயோர்க் நாகல், எர்ன்ஸ்ட் பாம்பெர்க் ஆகியோர் 2002, 2003 ஆண்டுகளில் வெளியிட்ட இரண்டு கட்டுரைகளிலும் இணை ஆசிரியர் சுனீல் கட்டேரியா. பின்னர் டெல்லியில் இதே துறையில் ஆய்வைத் தொடர்ந்தவர். அவர்கள் கண்டது சேனல்ரொடாப்சின்: ஒளி பட்ட மறுகணம் தானே திறந்து அயனிகளை உள்ளே விடும் வாயில். உணர்வதும் திறப்பதும் ஒரே புரதம். 2005இல் இதை நரம்பு செல்லில் பொருத்தி, ஒளியைப் பாய்ச்சி நரம்பைத் தூண்டிக் காட்டினார்கள். 2021இல் வெளியான ஆய்வு ஒன்றில், நிறமி விழித்திரை நோயால் பல்லாண்டுகள் பார்வையற்றிருந்த 58 வயது மனிதர் ஒருவருக்கு, இன்னொரு கிளாமிடோமோனாஸ் இனத்திலிருந்து வந்த இதே குடும்பப் புரதத்தின் மரபணுவைக் கண்ணில் செலுத்தியிருந்தனர். தனிக் கண்ணாடி அணிந்து, மேசைமேல் இருந்த பொருள்களை அவர் கண்டு தொட்டார். குட்டைநீரில் பாசி எப்படித் திரும்புகிறது என்ற, எந்தப் பயனையும் எதிர்பாராத கேள்வியிலிருந்து புறப்பட்ட பாதை இங்கே வந்து சேர்ந்திருக்கிறது.

கட்டளையிட ஆளில்லாத தேர்

ஒற்றைச் செல்லின் கதை இது. பல செல்கள் கூடி வாழும் வால்வாக்ஸ் இன்னும் வியப்பானது. மைக்ரோஸ்கோப் முன்னோடி லேவன்ஹுக் 1700இல் இதைக் கண்டு எழுதினார். குண்டூசித் தலையளவுப் பச்சை உருண்டை. அதன் மேற்பரப்பில் நூற்றுக்கணக்கில், சில இனங்களில் ஆயிரக்கணக்கில் செல்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு கசையிழை, ஒரு கண்புள்ளி. முன்பக்கச் செல்களின் கண்புள்ளி பெரிதாகவும் பின்பக்கத்தில் சிறிதாகவும் இருக்கும்.

சித்திரைத் தேர் மாசி வீதி முக்கில் திரும்புவதைப் பார்த்தவர்களுக்கு வால்வாக்ஸ் திரும்பும் விதம் உடனே புரியும். ஒரு பக்கச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போட்டால் தேர் அந்தப் பக்கம் திரும்பும். வால்வாக்ஸில் வெளிச்சம் படும் பக்கத்துச் செல்கள் கசையிழையைத் தளர்த்துகின்றன. மறுபக்கம் வேகமாகத் தள்ள, உருண்டை ஒளியை நோக்கித் திரும்புகிறது. முட்டுக்கட்டை போடச் சொல்ல அங்கே ஆள் இல்லை. செல்கள் தங்களுக்குள் சேதி பரிமாறுவதும் இல்லை. ஒவ்வொன்றும் தன் கண்புள்ளியில் பட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறது. உருண்டை சுற்றும் வேகமும், செல் ஒளிக்குப் பழகி மீளும் நேரமும் ஒன்றோடொன்று இசைந்திருப்பதால்தான் திருப்பம் பிசகுவதில்லை என்று கேம்பிரிட்ஜில் ரேமண்ட் கோல்ட்ஸ்டீன் குழுவினர் 2010இல் காட்டினார்கள். இங்கும் திசை நேரமாகவே வாசிக்கப்படுகிறது.

தென்னிந்திய வால்வாக்ஸ் குடும்பத்தை முதலில் விரிவாக அறியத் தந்தவர் சென்னையின் எம்.ஓ.பி. ஐயங்கார் (1886–1963), இந்தியப் பாசியியலின் தந்தை எனப்படுபவர். மழைக் குட்டைகளில் தண்ணீர் எடுத்து, வரைந்து, வகைப்படுத்தி அவர் எழுதிய கட்டுரை 1933இல் லண்டன் லின்னேயன் சங்க இதழில் வெளியானது. அவரும் மாணவர் டி.வி. தேசிகாச்சாரியும் சேர்ந்து எழுதிய 'வால்வோகேல்ஸ்' நூலை, ஐயங்கார் மறைந்து பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின் 1981இல் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்டது. எந்த உயிர் இங்கே வாழ்கிறது என்பதை நமக்குச் சொன்ன உழைப்பு அது.

உடலே லென்ஸ், கூட்டமே வழிகாட்டி

திசையை நேரமாக மாற்றாமலே அறியும் உயிரும் உண்டு. சினெகோசிஸ்டிஸ் என்ற நீலப்பச்சைப் பாசி சுமார் மூன்று மைக்ரான் உருண்டை. இது நீந்துவதில்லை, மயிர்போன்ற இழைகளை நீட்டிப் பற்றி இழுத்து ஊர்கிறது. அதன் உருண்டை உடல் ஒரு குவிலென்ஸ். ஒரு பக்கம் விழும் ஒளி எதிர்ப்பக்க விளிம்பில் சிறு பொட்டாகக் குவிகிறது. பொட்டு எங்கே விழுகிறதோ அதற்கு நேரெதிராக ஊர்ந்தால் வெளிச்சம் கிடைக்கும். 2016இல் வெளியான இந்தக் கண்டுபிடிப்பு, மிகப் பழமையான உயிர்க்குடும்பம் ஒன்று கண்விழியின் ஒளியியலைப் பயன்படுத்துவதைக் காட்டியது.

தனிச் செல் ஊர்வதோடு விஷயம் முடியவில்லை. இவை கூட்டமாக, விரல் விரலாக நீண்டு ஒளியை நோக்கிப் போகின்றன. ஏன் என்ற கேள்வியை எடுத்துக்கொண்டவர்கள் சென்னைத் தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்தின் பி. வருணி, சக்தி மேனன், கௌதம் மேனன். 2017இல் அவர்கள் வெளியிட்ட கணினி மாதிரியில், செல்கள் வழியில் விட்டுச்செல்லும் வழவழப்பும், இழைகளால் ஒன்றையொன்று பற்றி இழுப்பதும் சேர்ந்தே விரல் வடிவங்களை உண்டாக்கின. கூட்டத்தில் ஒரு பகுதி ஒளியை உணராவிட்டாலும் மொத்தக் கூட்டமும் பெரிதாகத் தடம் மாறாமல் போகிறது என்றும் கண்டார்கள்.

செல்லுக்குள் ஒரு கடிகாரம்

நொடிக்குள் நடப்பதுதான் இதுவரை சொன்னது. பகல் முழுக்க நீளும் நேரமும் இவற்றுக்குத் தெரியும். யூக்ளினாவைத் தொடர்ந்து இருட்டில் வைத்து, அவ்வப்போது மட்டும் ஒளி காட்டிச் சோதித்தாலும், அதன் ஒளிநாட்டம் பகல் வேளையில் ஓங்கி இரவில் தாழ்கிறது. விக்டர் புரூஸும் காலின் பிட்டென்ட்ரியும் 1956இல், வெப்பம் மாறினாலும் அந்தக் கடிகாரம் பெரிதாகப் பிசகுவதில்லை என்று காட்டினார்கள். கிளாமிடோமோனாஸிடமும் அதே தாளம் இருக்கிறது. 1985இல் விண்வெளிக்குக் கொண்டுபோன போதும் அது தொடர்ந்தது.

உயிர்க்கடிகாரம் என்ற துறைக்கு மதுரை ஒரு முக்கிய முகவரி. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரன் 1970களில் தொடங்கிப் பேணிய ஆய்வுக்கூடம், அருகிலுள்ள குகை வௌவால்கள் இருட்டிலும் ஒன்றையொன்று கேட்டு நேரம் சரிசெய்துகொள்வதை உலகுக்குச் சொன்னது. ஒளி எட்டாத குகையில் நேரத்தைத் தேடிய ஊர் இது. ஒளி ததும்பும் கண்மாயில் அதே தேடலைத் தொடர இங்கே மரபு இருக்கிறது.

கண்மாயிடம் கேட்க வேண்டியவை

இந்த ஆய்வுகளையெல்லாம் அடுக்கிப் பார்த்தால் ஓர் இடைவெளி கண்ணில் படுகிறது. கிளாமிடோமோனாஸ் பற்றிய அறிவில் பெரும்பங்கு, 1945இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மண்ணிலிருந்து கில்பர்ட் ஸ்மித் பிரித்தெடுத்த ஒரே இனத்தின் வழித்தோன்றல்களிலிருந்து வந்தது. அந்தப் பாசி அறியாத வெயில் நம்முடையது. பங்குனியில் வறண்டு வெடித்து, ஐப்பசியில் ஒரே இரவில் நிரம்பும் கண்மாயை அது கண்டதில்லை. ஐயங்கார் பெயரிட்டு வரைந்த நம் இனங்கள் எந்த அளவு வெளிச்சத்தில் வருகின்றன, எந்த அளவில் விலகுகின்றன, அவற்றின் கடிகாரம் எந்த வேளையில் ஓங்குகிறது என்பவை நம் கல்லூரி ஆய்வுக்கூடங்களிலேயே செய்யக்கூடிய வேலைகள். கறுப்புக் காகிதமும், மைக்ரோஸ்கோப்பும், பொறுமையும் இருந்தால் தொடங்கிவிடலாம்.

இதில் ஊருக்கும் பயன் உண்டு. சாக்கடை கலந்த நகரத்து நீர்நிலைகளில் மைக்ரோசிஸ்டிஸ் போன்ற நச்சுப்பாசி பெருகும். அது நீந்தாது, செல்லுக்குள் காற்றுப்பைகளை வைத்துக்கொண்டு மிதந்தும் அமிழ்ந்தும் ஒளியைத் தேடும். நீந்தும் பாசியும் மிதக்கும் பாசியும் வேளைக்கு வேளை இடம் மாறுவதால், காலை ஏழு மணிக்கு மேலோட்டமாக மொண்ட தண்ணீரும் உச்சிவேளையில் அதே இடத்தில் மொண்ட தண்ணீரும் ஒரே கணக்கைச் சொல்லமாட்டா. நேரம் தெரியாத மாதிரித் தண்ணீர் பாதி உண்மையைத்தான் பேசும்.

ஆகவே கண்மாய்க்குப் பாட்டிலோடு போகும் மாணவர்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. ஒட்டும் சீட்டில் ஊர்ப்பெயரும் தேதியும் எழுதியபின் பேனாவை மூடாதீர்கள். மணி எத்தனை, எவ்வளவு ஆழம், வானம் வெறிச்சிருந்ததா மூடியிருந்ததா என்பதையும் எழுதுங்கள். பாட்டிலுக்குள் இருக்கும் உயிர்கள் அதைத்தான் ஓயாமல் குறித்துக்கொண்டிருக்கின்றன.